லாபானுக்கு அப்பாவின் இருமல்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்க இன்னும் நாள் கிடக்கிறது, அதைக் காற்றுக்கு யார் சொல்வது. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளின் முருங்கை மரத்தில். கேஸ் பதியணும். கண் சொட்டு மருந்து. இட்லி மாவு இன்றைக்கு ஒரு நாள் தாங்கும்.

பதினோரு மணிக்குப் பதிப்பாளர் தம்பி போன். கொடுத்த பத்து அத்தியாயத்தையும் வாசித்துவிட்டாராம். "டீச்சர், மாசக் கடைசிக்குள்ள முழுசாக் குடுத்துட்டீங்கன்னா புத்தகத் திருவிழாவுக்குக் கொண்டு வந்துரலாம். அட்டைக்கு ஆளு சொல்லிட்டேன்." அட்டைக்கு ஆளு! போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று சும்மா சிரித்தேன். பால் பொங்கி வழிந்தது. வழியட்டும். ஐம்பத்தெட்டு வயதில் முதல் நாவல் வருகிறவள் அடுப்பையா பார்த்துக்கொண்டிருப்பாள்?

பின்அட்டைக்கு நாலு வரி கேட்டார். எழுதிப் பார்த்தது:

'அக்கா லேயாள். தங்கை ராகேல். அத்தை மகன் யாக்கோபு தங்கையைக் கேட்டு மாமன் லாபான் வீட்டில் ஏழு வருடம் ஆடு மேய்க்கிறான். கல்யாண ராத்திரியில் மாமன் பெண்ணை மாற்றி மூத்தவளை உள்ளே அனுப்புகிறான். விடிந்த பிறகுதான் மாப்பிள்ளைக்குத் தெரிகிறது. வேதம் இதை யாக்கோபின் கதையாகச் சொல்கிறது. இது லேயாளின் கதை.'

நன்றாகத்தான் இருக்கிறது. கடைசி வரி கொஞ்சம் மிதப்பு. இருக்கட்டும், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே காலம் போயிற்று.

ஜெ. கையெழுத்துப் பிரதியைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பேங்கில் இருந்த விரல், வேகம். நடுவில் தலையைத் தூக்கி, "யாக்கோபு சைக்கிள்ல வர்ற மாதிரியே நடக்குறாரே, ஏன்?" என்றார்.

"எங்க அப்படி எழுதிருக்கேன்?"

"எழுதலை. எனக்குத் தெரியுது."

கட்டிய புருசன் தட்டச்சு செய்வதில் இப்படியும் ஒரு தொல்லை. மாவைக் கலக்கப் போனேன்.

மீதி இருப்பது: கல்யாண ராத்திரி (11). விடிந்த பிறகு (12). முடிவு. அவ்வளவுதான்!

ஜூலை 9, புதன்

காற்று அப்படியே. போர்வையை வாங்கப் போனால் பாண்டியம்மாள் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பி நிற்கிறாள். கையில் டிபன் பை. என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். அவளுக்கு எங்கள் வேதக்கதை எதுவும் தெரியாது. சொன்னேன். மதில் சுவர்மேல் டிபன் பையை வைத்துவிட்டாள்.

"முறைப்பொண்ணைக் கட்டுறதுக்கு ஏழு வருசமா? என்ன டீச்சர் சொல்றீக! எங்க ஊர்ல மாமன் தர மாட்டேன்னா வாசல்ல வந்து மல்லுக்கு நிப்பாங்க."

"அங்கயும் மாமன் மகதான் முறை. ஆனா மாமன் கைகாரன்."

"சரி, அப்புறம்?"

அவளுடைய அந்த 'அப்புறம்' இருக்கிறதே. எங்கள் சபையில் ஒருவருக்கும் அது வராது. எல்லாருக்கும் முடிவு தெரியும், ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். இவள் ஒருத்திதான் உண்மையாகவே கேட்கிறாள். பெண் மாற்றியதைச் சொன்னேன். வாயில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"ராத்திரி பூரா கூட இருந்துட்டு யாருன்னு தெரியலையாக்கும்?"

"முக்காடு. இருட்டு. மாப்பிள்ளை விருந்துல குடிச்சிருப்பான்."

"ஏழு வருசம் அந்த வீட்டுச் சோத்தைத் தின்னுருக்கான். ரெண்டு பொண்ணு குரலும் தெரியாதா? வேர்வை வாடை தெரியாதா? நீங்க நம்புறீகளா டீச்சர்?"

"வேதத்துல அப்படித்தான் இருக்கு."

"இருக்கட்டும். நீங்க நம்புறீகளான்னு கேட்டேன்."

பஸ் போய்விட்டது அவளுக்கு. எனக்கு அத்தியாயம் போய்விட்டது. நாள் முழுக்க ஒரு பக்கம் நகரவில்லை. முக்காட்டைத் தடிமனாக்கிப் பார்த்தேன், விளக்கை அணைத்துப் பார்த்தேன், லேயாளைப் பேசாமல் இருக்க வைத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஆனாலும் ஒரு குஷி. ஒரு ஆள் நம்ப மறுக்கிற அளவுக்குக் கதை உயிரோடு இருக்கிறதே.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் சபைப் பெண்கள் கூட்டம். போதகரம்மா போன மாதம் ஒரு பேச்சுக்கு, "உங்க கதையில கொஞ்சம் வாசிங்களேன்" என்றார். இப்போது சாட்சி சொல்லும் நேரம் முழுவதையும் லேயாள் எடுத்துக்கொண்டுவிட்டாள். இன்றைக்குப் பத்தாம் அத்தியாயம். பெஞ்சு போதாமல் பாய் விரித்தார்கள்!

இரண்டு கட்சி ஆகிவிட்டது. சன்னல் ஓரம் லேயாள் கட்சி, எல்லாம் வீட்டுக்கு மூத்த பெண்கள். மின்விசிறிக்குக் கீழே ராகேல் கட்சி, தலைவி ரூபி. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண், பேச்சில் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

"டீச்சர், ஏழு வருசம் அவளுந்தானே காத்திருந்தா? அதை ஒரு வரி எழுதலையே நீங்க. அக்காவுக்கே அம்புட்டையும் எழுதிட்டீங்க."

"அவளுக்கு அழகு இருக்குல்ல, அது போதும்" என்றது சன்னல் ஓரம்.

"அழகை வெச்சு என்ன செய்ய, நாக்கு வழிக்கவா?"

சிரிப்பு அடங்கவில்லை. லாபானைத் திட்டுவதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று. முக்கியமானதைச் சொல்வதற்கு முன் அவன் இரண்டு முறை இருமுவதாக எழுதியிருக்கிறேன். நான் வாசிப்பை நிறுத்தி இருமியதும், "வந்துட்டான்யா" என்று ஒரு குரல். போதகரம்மா முடிவு ஜெபத்தில் நோயாளிகள், தேர்வு எழுதுகிறவர்கள் எல்லாரையும் சொல்லிவிட்டு லேயாளையும் ராகேலையும் சேர்த்துவிட்டார். கண்ணை மூடியபடியே தோள் குலுங்கியவர்கள் பாதிப்பேர்.

பறந்துகொண்டே செருப்பைத் தேடினேன். திருநகரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்தார்.

"நீங்க கிரேஸ் டீச்சர் தங்கச்சிதானே?"

"ஆமா."

"ம்ம். அதான் பாத்தேன். அவுக கதைதானே இது?"

செருப்பு கிடைத்தது. இடது கால் செருப்பை வலது காலில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

தூக்கம் சரியில்லை. கேஸ் வந்தது. சொட்டு மருந்து வாங்க மறந்தாச்சு.

இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள். எழுதிவிடுகிறேன்.

அக்கா கிரேஸுக்குக் கட்டிக்கொடுத்த அத்தான், எங்கள் அப்பாவின் தங்கை மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் அத்தான், பின்னாலும் அத்தான், கூப்பிடுகிற முறை மாறவில்லை. ஆனால் அத்தை திண்டுக்கல்லிலிருந்து வேதப்புத்தகமும் சேலையும் தட்டில் வைத்து வந்தது எனக்காக. எனக்குப் பத்தொன்பது. அக்காவுக்கு இருபத்துமூன்று, விளையாட்டு டீச்சர் படிப்பு முடித்திருந்தாள். சோடாபுட்டிக் கண்ணாடி. வீட்டில் அவள் கழுத்தில் விசில், என் கழுத்தில் பாசி. அத்தான் கப்பலூர் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். விடுமுறைக்கு வந்தால் எனக்குச் சைக்கிள் பழக்குவார். எனக்கு ஆசை இருந்ததா என்றால், இருந்தது. ஒரு மழைக்காலத்துக்கு நன்றாகவே இருந்தது.

அப்பா தட்டைப் பார்த்தார். இரண்டு முறை இருமினார். "மூத்தவ இருக்கையில சின்னவளைக் குடுக்கிற வழக்கம் நம்ம வீட்ல இல்லை" என்றார். தலைமையாசிரியர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த மாதமே கோவிலில் அக்கா பேரும் அத்தான் பேரும் சொல்லிக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். நான் மணப்பெண்ணின் முக்காட்டுத் துணியைப் பின்னால் பிடித்துக்கொண்டு போனேன். ஊரே அக்காவைப் பார்த்து உச்சுக்கொட்டியது. பாவம், தங்கச்சியைக் கேட்டு வந்தவன் தலையில் இவளைக் கட்டிவிட்டார்களே என்று. அந்த உச்சுக்கொட்டல் இன்றைக்கு வரைக்கும் நிற்கவில்லை, நேற்றுச் செருப்பு விடும் இடத்தில்கூடக் கேட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் மாற்றிக்கொள்கிறோம், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறோம். இது மட்டும் கிடையாது. அப்பாவை நான் மன்னிக்கவில்லை, எனக்காகவும் அவளுக்காகவும். அவரைத்தான் லாபானாக உட்கார வைத்திருக்கிறேன், இருமலோடு.

அக்காவுக்குத் தெரிந்தால் நாவல் நிற்கும். அவள் "வேணாம்" என்று ஒரு சொல் சொன்னால் நான் அச்சுக்குக் கொடுக்கமாட்டேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆனால் இதையும் எழுத வேண்டும்: இன்று காலை நாலு பக்கம் வந்தது. நல்ல பக்கங்கள். பயத்தில்கூட எழுத்து ஓடுகிறது, என்ன ஜென்மமோ நான்.

ஜூலை 14, திங்கள்

பாண்டியம்மாள் லீவு போட்டு அவள் அம்மா ஊருக்குக் கூட்டிப் போனாள். அழகர்கோவில் போகிற வழியில் இறங்கி உள்ளே. வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். ராகேல் ஆடு ஓட்டி வருகிற இடத்தை நான் எழுதியதெல்லாம் பள்ளிக்கூட மேசையில் உட்கார்ந்து எழுதியது என்று அங்கே போனபின்தான் தெரிந்தது. என்ன வாடை! என்ன சத்தம்! புடவை முந்தானையில் இன்னும் வருகிறது.

தண்ணீர்த் தொட்டிக்கு ஆடுகள் முட்டிக்கொண்டு வருவதைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிடாக்குட்டி என் கையிலிருந்த தாளை உருவித் தின்றுவிட்டது. யாக்கோபு முதன்முதலில் ராகேலைப் பார்க்கும் பத்தி. "ருசி இருக்கு போல டீச்சர்" என்றாள் பாண்டியம்மாள். விழுந்து விழுந்து சிரித்தோம். மலைப்பக்கம் மேகம் இறங்கி நின்றது, மழை இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "அந்த மூத்த பொண்ணு, பாவம், அவளுக்கு அந்த ஆளைப் பிடிச்சிருந்துச்சா?"

"தெரியலை. வேதத்துல அதைப்பத்தி ஒண்ணும் சொல்லலை."

"நீங்க என்ன எழுதிருக்கீக?"

அப்பா அனுப்பினார், போனாள் என்று எழுதியிருக்கிறேன். அழுதுகொண்டே போனாள். சொன்னேன். பாண்டியம்மாள் கடலை உரித்தாள்.

ஜூலை 16, புதன்

கறிவேப்பிலை, தக்காளி, ஜெ.வுக்கு மாத்திரை. சொட்டு மருந்து (வாங்கியாச்சு!).

பதினொன்றாம் அத்தியாயம் மூன்றாவது தடவை. இன்னும் யாக்கோபுக்கு ஏன் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

நாலு மணிக்கு அக்கா போன். எப்போதும் "சாப்ட்டியா" என்று ஆரம்பிப்பவள், இன்று ஆரம்பிக்கவில்லை.

"ஏதோ எழுதுறியாமே."

"ஆமாக்கா. சொல்லணும்னுதான்…"

"நாளைக்கு வாரேன். எல்லாத் தாளையும் எடுத்து வை."

வைத்துவிட்டாள். ஜெ.விடம் சொன்னேன். "வரட்டும், நானும் காப்பி எடுத்து வெச்சுட்டேன்" என்று பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்த மனிதரோடு எப்படித்தான் இத்தனை வருடம் ஓட்டினேனோ.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்று கதவையே கழற்றும்போல. எழுத்து கோணலாக வருகிறது. மறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

அக்கா பத்து மணிக்கு வந்தாள். தனியாக, ஆட்டோவில். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கண்ணாடியை மாற்றிக்கொண்டு முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள். காப்பி வைத்தேன், குடிக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், கையைக் காட்டி நிறுத்தினாள். மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்துகிற அதே கை. ஜெ. மெதுவாக மாடிக்குப் போய்விட்டார். நான் அவியலுக்குக் காய் நறுக்கினேன், எவ்வளவு நறுக்கினேன் என்றே தெரியவில்லை, நாளைக்கும் அவியல்தான்.

மூன்று மணிக்குக் கடைசித் தாளைக் கவிழ்த்தாள்.

"லேயாளை ஏன்டி இம்புட்டு அழ விட்டிருக்க?"

கத்தியைக் கீழே வைத்தேன்.

"பக்கத்துக்குப் பக்கம் அழுகுறா. ஆட்டைப் பாத்தா அழுகுறா, அடுப்பைப் பாத்தா அழுகுறா. நான் எப்படி அழுது பாத்த?"

"அக்கா, இது நீ இல்ல…"

"பொய் சொல்லாத. இந்தா, இந்த இருமல் யாரோடது? அப்பாவை ஏன் இப்படிப் பண்ணி வெச்சிருக்க?"

அப்போது எனக்கும் வந்துவிட்டது. எத்தனை வருடத்துப் பேச்சு. "பின்ன எப்படிப் பண்ணுவாங்க? உன்னையும் கேக்கலை, என்னையும் கேக்கலை. வழக்கம் வழக்கம்னு ரெண்டு பேரையும் இருமியே முடிச்சுட்டாரு" என்று கத்தினேன். உண்மையாகவே கத்தினேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடி இல்லாத அவள் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"அப்பா உன்னையத்தான் குடுக்கிறதா இருந்தாரு. அத்தை வர்றதுக்கு முந்தின நாளு நான் போய் நின்னேன். அவரு பேப்பர் திருத்திட்டு இருந்தாரு. 'அப்பா, அத்தானை எனக்குக் கேளுங்க'ன்னேன்."

காற்றில் ஒரு தாள் பறந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"எனக்கு அவரை எட்டாங் கிளாஸ்லருந்து பிடிக்கும்டி. உனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் குடுக்கிறப்ப சீட்டைப் பிடிச்சுட்டுப் பின்னாடியே ஓடியாந்தது யாரு? நான்தான். உன்னையப் பிடிக்கவா ஓடுனேன்?"

"அப்ப அப்பா…"

"பெரிய பொண்ணு தானா வந்து கேட்டுச்சுன்னு வெளிய தெரிஞ்சா என் பேரு என்ன ஆகும்? அதுக்குத்தான் வழக்கம்னு ஒண்ணைச் சொன்னாரு. நம்ம வீட்ல அப்படி ஒரு வழக்கமே கிடையாது. சின்னச் சித்தி பெரிய சித்திக்கு முன்னாடிதானே கட்டிப் போனாங்க? நீ யோசிக்கவே இல்லையே. கெட்ட பேரை அவரே தூக்கிச் சுமந்துட்டாரு. நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சப்பகூட வாயைத் திறக்கலை."

எனக்குக் கோபம் வந்தது. முதலில் யார்மேல் என்று தெரியவில்லை, பிறகு தெரிந்தது, அக்கா மேல்தான். பத்தொன்பது வயதில் நான் அழுத அழுகைக்கெல்லாம் இவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். அப்பா சாகக் கிடந்தபோது நான் கஞ்சி கொடுத்தேன், பேச்சுக் கொடுக்கவில்லை. அதை நினைத்து அழுதேன். அப்புறம், ஆண்டவர் சத்தியமாக, அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லாபான்! லாபான் ஏமாற்றவில்லை. லேயாள் போய் நின்றிருக்கிறாள். விடிந்து யாக்கோபு கத்தும்போது 'எங்கள் வழக்கம்' என்று லாபான் சொல்வதெல்லாம் மகளை மறைக்கச் சொன்னது. எல்லாம் பொருந்துகிறது!

ஈரக் கையோடு ஓடி வந்தேன். "அக்கா, இதை எழுதலாமா?"

"அதுக்குத்தானே சொன்னேன்."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"தெரியாது." குரல் இறங்கிவிட்டது. "தலையில கட்டிட்டாகன்னுதான் நினைச்சுக்கிட்டு இருப்பாரு. நல்லாத்தான் வெச்சிருக்காரு, குறை சொல்லலை. ஆனா ஒரு நாளு, ஒரு நாளாச்சும் கேட்டிருக்கலாம்னு இருக்கும் எனக்கு. கேட்டா என்ன சொல்லுவாரோன்னும் இருக்கும்."

"அப்ப வேணாம்க்கா. தெரிஞ்சுருமே."

"எழுது. எனக்கு அறுபத்திரண்டு வயசாச்சு. இன்னும் எம்புட்டு நாளைக்குப் பாவம் பாவம்னு எல்லாரும் பாக்குறது? நான் தள்ளிவிட்ட சரக்கு இல்லடி. ஆசைப்பட்டு வந்தவ." பையை எடுத்தாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே? முன்னாடி எனக்கு ஒரு இடம் போட்டு வை."

போகும்போது அவியல் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 18, வெள்ளி

காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். ஜெ. உப்புமா கிண்டினார், தட்டச்சும் செய்தார், வாய் திறக்கவில்லை. பதினொன்றாம் அத்தியாயம் நிற்காமல் வந்தது. இத்தனை மாதத்தில் இப்படி வந்ததில்லை. பிரதியிலிருந்து ஒரு துண்டு இங்கேயும் இருக்கட்டும்:

'லேயாள் தகப்பன் முன்னால் போய் நின்றாள். லாபான் நிமிர்ந்து பார்த்து இரண்டு முறை இருமினான். ஊர் என்னை வஞ்சகன் என்று சொல்லும், காலத்துக்கும் சொல்லும் என்றான். உன்னைச் சொல்லாது அல்லவா, அது போதும் என்றான்.'

சாயங்காலம் ஆறரை. அக்கா வந்தாள், பச்சைப் பட்டு, என்னமோ அவளுக்கே ஓலை வாசிக்கப்போகிற மாதிரி. அத்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். பெண்கள் கூட்டம், அவர் உள்ளே வரமுடியாது. வெளியே சன்னலை ஒட்டி வண்டியை நிறுத்திக் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். சன்னல் திறந்திருந்தது. நான் மூடச் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. பாண்டியம்மாளும் வந்திருந்தாள், முதல் தடவையாக, ரூபி பக்கத்தில்.

வாசித்தேன். லேயாள் போய் நிற்கிற இடத்தில் மின்விசிறி சத்தம் மட்டும். லாபான் பேசியதும் சன்னல் ஓரத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முன் வரிசையில் அக்கா நேராக உட்கார்ந்திருந்தாள், கை இரண்டும் மடியில். முடித்ததும் ரூபிதான் முதலில். "டீச்சர், இனிமே நான் ராகேல் கட்சியில இருக்கலாமா வேணாமான்னே தெரியலை!" அப்புறம் ஒரே இரைச்சல். போதகரம்மா கையைத் தட்டிப் பார்த்தார், பாட்டு எடுத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பாண்டியம்மாள் மட்டும் விரலை ஆட்டினாள். "எல்லாம் சரி. அந்த ஆளுக்கு ஏன் தெரியலை? அதுக்கு இன்னும் பதில் சொல்லலை நீங்க."

வெளியே வந்தோம். அக்கா, நான், பாண்டியம்மாள். அத்தான் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா?" என்றாள் அக்கா. அவளுடைய மைதானக் குரல் எங்கே போயிற்றோ.

"கேட்டுச்சு." பொட்டலத்தை மடித்தார். "நல்லாருக்கு சுகந்தி. ஒரு இடத்துல மட்டும் தப்பு."

"எதுங்க அத்தான்?"

"அந்தப் பையனுக்குத் தெரியும்."

அவரேதான் சொன்னார், வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"அம்மா தட்டு கொண்டு போனதுக்கு மறுநாளு மாமா பஸ் ஏறிக் கப்பலூர் வந்தாரு. கம்பெனி வாசல்ல டீக்கடை. ரெண்டு தடவ இருமினாரு. 'மாப்ள, வழக்கம் கிழக்கம்னு சொன்னதெல்லாம் சும்மா. கிரேஸ் உன்னைய வேணும்னு கேக்குறா. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிரு, வெளிய தெரியாது. யோசிச்சுச் சொல்லு'ன்னாரு."

"யோசிச்சீங்களா?" இது பாண்டியம்மாள். அவள் கேட்காவிட்டால் நாங்கள் கேட்டிருக்கமாட்டோம்.

"எதுக்கு யோசிக்கணும்? சின்னதைக் கேக்கலாம்னது அம்மா. என்னைய வேணும்னு ஒருத்தி அவுக அப்பா முன்னாடி போய் நின்னிருக்கா. அதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு? டீ ஆறுறதுக்குள்ள சரின்னுட்டேன்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெடித்தாள். "இம்புட்டு வருசமா இதைச் சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"வெளிய தெரியக்கூடாதுன்னாரு மாமா. நீயும் கேக்கலை."

"நான் கேக்கலையாம்!" என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், மூக்கையும் அதிலேயே துடைத்தாள், பட்டு. "வண்டியை எடுங்க" என்றாள். ஏறி உட்கார்ந்தாள். பழங்காநத்தம் பக்கம் திரும்புகிற வரைக்கும் அவள் பேசிக்கொண்டே போவது தெரிந்தது, அவர் தலையை ஆட்டிக்கொண்டே போவதும்.

பாண்டியம்மாள் என் கையைப் பிடித்தாள். "சொன்னேன்ல டீச்சர். தெரியாம இருக்குமா?"

ஜூலை 19, சனி

காற்று இல்லை. இத்தனை நாளில் இன்றுதான் இல்லை.

பதிப்பாளர் தம்பிக்கு எட்டு மணிக்கே போன். 11 மறுபடி எழுதுகிறேன், 12 அதற்கப்புறம்தான் என்றேன். "டீச்சர், நேத்துதான பதினொண்ணு முடிஞ்சிருச்சுன்னீங்க!" இப்போது யாக்கோபுக்குத் தெரியும், தம்பி என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் தேதியைத் தள்ளிக் கொடுத்தார். லேயாள் முக்காட்டோடு உள்ளே வருகிறாள், குரல் காட்டக்கூடாது என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. அவன் இருட்டில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். விடிந்ததும் வெளியே போய்க் கத்துகிறான், மாமன் கேட்டுக்கொண்டபடி, ஊர் கேட்கட்டும் என்று. எழுத எழுதக் கை வலிக்கிறது, நிறுத்த மனமில்லை.

லாபானின் இருமலை எடுக்கவில்லை. அது இருக்கட்டும், இரண்டு முறையும்.

அக்கா காலையில் மூன்று தடவை போன். முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லி. இரண்டாவது தடவை ஒன்றும் இல்லை, சும்மா. மூன்றாவது தடவையும் சும்மா.

எனக்குக் கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. இல்லை என்று எழுதினால் அது பொய். டீ ஆறுவதற்குள் சரி என்றிருக்கிறார். என் மழைக்காலம் ஒரு டீக்குக்கூட நிற்கவில்லை.

மத்தியானம் பாண்டியம்மாள் மதிலில் முருங்கைக்காய் வைத்தாள். "எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு டீச்சர். மூத்தவளுக்குச் சரியாப்போச்சு. அந்தச் சின்னவ? அவளுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

அதைத்தான் அடுத்து எழுதணும் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து, தட்டச்சை நிறுத்தாமலே, ஜெ. சொன்னார்:

"அவ நல்லா இருக்கான்னு சொல்லு. நான் யோசிக்கவே இல்லை, நேராப் போய்க் கேட்டேன்."